சாரம்

மாதிரி எண் 0417.
பெயர் எங்களுக்கு வராது. விதி அப்படி.
இடது முழங்கால், தொடையெலும்பின் உள்குமிழ்,
கட்டைவிரல் நகமளவு பள்ளம்.
வயது நாற்பத்து நான்கு.
தொழில் என்ற கட்டத்தில் எதையோ எழுதி, அடித்து,
வேறொரு பேனா திருத்தியிருந்தது:
சாரம் கட்டுபவர்.

சிரித்துவிட்டேன்.
எங்கள் வீட்டில் சாரம் என்றால் கைலி.
இங்கே, மஸ்கட்டில், காலா தொழிற்பேட்டையின் இரண்டாம் மாடியில்
ஆறு வருடமாக நான் கட்டுவதற்கும் அதே பெயர்தான்.
அவருக்குக் குழாயும் கவ்வியும்.
எனக்குக் கடற்பாசிப் பசையும் ஊசியும்.
எழும்புவது நிற்கும்வரை அது நிற்க வேண்டும்,
அவ்வளவே.

குருத்தெலும்புக்கு ரத்தம் போகாது.
நரம்பும் கிடையாது.
தேய்கிறபோது அது வாய் திறப்பதில்லை,
அடியிலிருக்கும் எலும்பில் உரசிய பிறகுதான்
ஆள் ஏணியின் நடுவில் நின்றுவிடுகிறான்.
தோல் கிழிந்தால் தோல் மூடிக்கொள்ளும்.
எலும்பு முறிந்தால் எலும்பு கூடும்.
இது மட்டும்
கிழிந்தது கிழிந்தபடி கிடக்கும்.

நொய்யளவு துண்டுகள் வந்தன.
ஓர் இரவு ஊறவைத்துப் பிரித்தேன், இரண்டு லட்சம் செல்கள்.
பிளாஸ்டிக் தரையில் பரப்பினால் மளமளவென்று பெருகும்,
ஆனால் தட்டையாகிவிடும்.
மூன்றாம் முறை பிடுங்கி நட்டதும்
செய்துகொண்டிருந்த வேலை மறந்துபோய்
தழும்புக்கான நூலை நூற்கத் தொடங்கும்.
உருண்டையாக இருக்க இடம் வேண்டும் அவற்றுக்கு,
மேலும் கீழும் நாலு பக்கமும்.
பன்னிரண்டு பேர் படுக்கும் அறைகளைப் பற்றி
நான் இங்கே எதுவும் சொல்லவில்லை.

பசைக்குள் விட்டேன். நினைவு திரும்பியது, மெதுவாக.

பிறகு மிதிக்க வேண்டும். நிஜமாகத்தான்.
ஓர் உலோகத் தட்டு நொடிக்கொரு தரம்
அமுக்கும், விடும், அமுக்கும்,
தினம் ஒரு மணி நேரம்.
பாரம் காணாத குருத்தெலும்பு கெட்டிப்படாது.
ரூவியில் எங்கோ ஒரு கட்டிலில் ஐஸ் வைத்து அவர் படுத்திருக்க
அவருடைய முழங்கால்
என் மேசையில் நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமையும் போவேன்.
வெளியே நாற்பத்தாறு, இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு.
"லீவு நாளில் யாருக்கு ஆக்கிப் போடப் போகிறாய்?"
என்பார் தமீம், கார் சாவியை நீட்டியபடி.
ரோஸ் நிறத் தண்ணீர் மஞ்சளாகியிருந்தால்
தின்று தீர்த்துவிட்டார்கள் என்று பொருள்.
ஒரு தட்டில் பூஞ்சை வந்தது.
அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.
மிஞ்சியது ஒன்று.

முப்பத்தேழாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஷைனி கூப்பிட்டாள்.
கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம்,
செவ்வாய்க்கிழமை ஃபிளைட்டில் கம்பெனி ஏற்றிவிட்டதாம்.
ஆபரேஷன்?
"யாரு பணம் கட்டும் சேச்சி?
ஸ்டனிஸ்லாஸின் சாம்பிளைக் களைஞ்சேக்கு."
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், கேட்டது.

அப்படியா. ஸ்டனிஸ்லாஸ்.

பிளீச், இருபது நிமிடம், பிறகு தொட்டி.
புட்டியை எடுத்து வைத்தேன்.
எதிர்க் கட்டிடத்தில் மூன்றரை ஆகிவிட்டது போல,
வெயில் தடை முடிந்து ஆட்கள் ஏறினார்கள்.
மேல் தட்டிலிருந்து குழாய்களைக் கழற்றி
கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள்.
சுவர் தெரிந்தது, ஈரப் பூச்சுடன், தானாகவே நின்றபடி.

மூடியைத் திறந்து பார்த்தேன்.
பசை ஓரங்களில் கரையத் தொடங்கியிருந்தது.
அது கரைந்த இடத்தில்
சிப்பியின் உள்பக்கம் போல
வழுவழுப்பாக, வெளுப்பாக,
ஊசியால் தொட்டால் எதிர்த்துத் தள்ளுகிற ஏதோ ஒன்று.
அதற்கு யாரும் விசா முடித்திருக்கவில்லை.

தண்ணீர் மஞ்சளாகியிருந்தது.

மாற்றினேன்.
தட்டை ஓடவிட்டேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
0417. நாள் முப்பத்தெட்டு.
பாரம், ஒரு மணி நேரம்.